நாலு பேட்டரியும் ஒரு ‘வாங்க’வும்

கேட்டுக்கு வெளியே யாரோ நிற்பது நிழலாகத் தெரிந்தது. ஐப்பசி மாதம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஏழு மணிகூட ஆகியிருக்காது, ஆனால் கரண்ட் போய்விட்டதால் தோட்டம் முழுக்க நல்ல இருட்டு. தென்னை ஓலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

என் கையில் ஒரு கறுப்பு டார்ச் லைட். ராணுவ வீரர் படம் போட்ட பெட்டியில் வந்தது. எதிராளியின் கண்ணில் அடித்தால் போதும், ஆள் அப்படியே நின்றுவிடுவான் என்று அதை வாங்கிக் கொடுத்த மகன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அடித்ததும் ஓர் அதட்டல் போட வேண்டும். பிறகு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்குப் போன் பண்ண வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் போய் விழுந்தது. நான் சொன்னது ஒரே ஒரு சொல்.

“வாங்க.”

சம்பந்தி வீட்டாரை வாசலில் வைத்து அழைக்கிற மாதிரி அவ்வளவு பதமாகச் சொன்னேன் என்று மகன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான்.

அன்னூரை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீட்டை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து நான் இதை எழுதுவதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். ஆனால் அது எப்படிக் காரணம் என்பதில் மகனுடைய கணக்கு வேறு, என்னுடைய கணக்கு வேறு. அவன் பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை. ஆகவே தைரியமாக எழுதலாம்.

பேட்டரி வேறு, கட்டை வேறு

நூல் மில் ஸ்டோரில் நான் வேலை பார்த்த கதையைப் போன வாரங்களில் படித்தவர்களுக்கு என் குணம் தெரியும். பேரிங் வந்தாலும் சரி, பெல்ட் வந்தாலும் சரி, தட்டிப் பார்த்து, உருட்டிப் பார்த்து, ஒரு தடவை மோந்தும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன். சப்ளை செய்கிறவர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அந்தப் புத்தி ஓய்வு பெறவில்லை.

நான் மில்லுக்குப் போனேன், வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அப்படியே எங்கள் காலம் ஓடியது. பிறகு அவர் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. நான் சொல்ல வருகிற ஐப்பசிக்குச் சுமார் இரண்டு வருஷம் முந்தி அது.

அதற்குப் பிறகு வாழை வைப்பதை நிறுத்திவிட்டேன். தென்னையை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நிலத்தைக் குத்தகைக்கு விட்டேன். வீட்டில் நானும் ஒரு நாயும்.

எங்கள் பக்கத்து வீடுகள் தெருவில் வரிசையாக இருக்காது. அவரவர் தோட்டத்துக்கு நடுவே அவரவர் வீடு. பக்கத்து வீடு என்பது நாலு வயல் தள்ளி. அந்த வீட்டுக்காரர்களும் பிள்ளைகள் படிப்புக்காகத் திருப்பூர் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்தால் நாலாபக்கமும் ஒரு விளக்கு தெரியாது. எனக்குப் பேச ஆள் இருக்காது. ரசத்துக்குப் புளி குறைந்துவிட்டது என்பதையெல்லாம் நான் நாயிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொறுமையாகக் கேட்கும்.

இப்படித் தனியாக இருக்கிற வயசானவர்களைத் தேடி வந்து அடித்துப்போட்டு, கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு அப்போது பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் இருந்தது. அந்தப் பேச்சு கிளம்பும் போதெல்லாம் பிரபுவிடமிருந்து போன் வரும். பிரபு என் ஒரே மகன். கோயம்புத்தூரில் பம்ப் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை.

“ஃபிளாட்டுக்கு வந்துருங்கம்மா” என்பான். நான் தென்னைக்கு உரம் வைக்க வேண்டும் என்பேன். அடுத்த தடவை கூப்பிட்டால் நாய்க்கு ஃபிளாட்டு ஒத்துக்கொள்ளாது என்பேன். கடைசியில் ஒரு நாள் அவன் குரல் உடைந்துவிட்டது. ராத்திரி தூங்க முடியவில்லை என்றான். அதற்கு மேல் என்னால் சாக்குச் சொல்ல முடியவில்லை.

ஆகவே ஒரு பேச்சுக்கு வந்தோம். தை மாதம் வரைக்கும் பார்ப்பது. அதற்குள் நான் தனியாகச் சமாளிப்பேன் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தால் தோட்டத்திலேயே இருக்கலாம். வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். எனக்கு அந்த வீட்டை விட மனசில்லை. “நல்ல பேட்டரி ஒண்ணு மட்டும் இருந்தாப் போதும் கண்ணு, நானே பாத்துக்குவேன்” என்று சொல்லிவிட்டேன்.

இதில் ஒரு குழப்பம் நடந்தது. எங்கள் பக்கத்தில் டார்ச் லைட்டுக்குப் பெயர் பேட்டரி. அதற்குள்ளே போடுவதற்குப் பெயர் கட்டை. பிரபு வேலையாக இருந்ததால் ஆன்லைனில் ஆர்டர் போட்டது மருமகள் நித்யா. அவள் சென்னைப் பெண். நாலாம் நாள் பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே விரல் நீளத்தில் ஒரு கட்டுக் கட்டை. போட்டு எரிய வைக்க ஒன்றும் இல்லை.

போனில் கூப்பிட்டு, நான் கேட்டது பேட்டரி, நீ அனுப்பியது கட்டை என்றேன். அவள் பக்கத்திலிருந்த பிரபுவிடம், அத்தை விறகு கேட்கிறார்களா என்று விசாரித்தது எனக்கே கேட்டது. அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரித்ததைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் குறை.

ஆளுக்கொரு குணம்

அந்தச் சில மாதங்களில் என் கையில் நாலு பேட்டரி புழங்கியது. மில்லில் சாமான் சோதித்த மாதிரியே நாலையும் சோதித்தேன். வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பேன். துணி துவைக்கிற கல்லின் மேல் நழுவ விடுவேன். மேஜை மேல் படுக்க வைத்தால் உருண்டு ஓடுகிறதா, நிமிர்த்தி வைத்தால் நிற்கிறதா என்று பார்ப்பேன். கரண்ட் போன வேளையில் நிமிர்ந்து நின்று மேல் கூரையில் அடிக்கிற லைட் இருந்தால் இரண்டு கையாலும் தோசை சுடலாம். இதையெல்லாம் எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

முதலாவது, வீட்டுக்காரருடைய நீளமான ஸ்டீல் பேட்டரி. மூன்று பெரிய கட்டை போடுவது. பொத்தானைத் தள்ளிவிட்டு உள்ளங்கையில் ஓங்கித் தட்டினால்தான் எரியும். உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்து, கட்டை ஒழுகி, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அதை வைத்து ஒருவனை அடிக்கலாம், ஆனால் பார்க்க முடியாது என்று முடிவு செய்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இரண்டாவது, அன்னூர் கடைவீதியில் வாங்கிய பிளாஸ்டிக் சார்ஜ் லைட். பக்கவாட்டில் டியூப் மாதிரி ஒரு வெளிச்சம் வேறு உண்டு. வாங்கிய புதிதில் பட்டப்பகல்தான். மூன்று மாதத்தில் அதன் சுயரூபம் தெரிந்தது. நாள் முழுக்கச் சார்ஜ் குடிக்கும். சாயங்காலம் போட்டால் அரிசி வெந்து முடிவதற்குள் மங்கிவிடும்.

மூன்றாவதுதான் கறுப்பு. கட்டைக் கதையில் ஏமாந்த பிரபு, தானே பார்த்து வாங்கி நேரில் கொண்டுவந்து கொடுத்தான். தண்ணீரில் போட்டேன், எரிந்தது. கல்லில் போட்டேன், கல்லில்தான் சின்னதாகக் கீறல் விழுந்தது. எட்டி அடித்தால் கோடித் தென்னையின் குரும்பை வரைக்கும் தெரிந்தது. பெட்டியில் போட்டிருந்த லூமென் கணக்கை நம்பினால் அப்புறம் சூரியன் எதற்கு என்று கேட்க வேண்டியிருக்கும். ஆனாலும் நல்ல சாமான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருந்தது. ஒரே பொத்தான், அதில் ஐந்து விதமான வெளிச்சம். எனக்கு வேண்டியது மங்கலான வெளிச்சமாக இருக்கும், அது பளிச்சென்று எரியும். மறுபடி அழுத்தினால் கண்ணை வெட்டி வெட்டி மினுக்கும். முதல் தடவை அது மினுக்கியபோது எனக்குத் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்து, அன்றைக்குச் சோற்றுக்குக்கூட வெளியே வரவில்லை.

அதன் வாய் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருப்பார்கள், திருடனை இடிக்க. திருடன் வருவதற்கு முன்னால் அது என் இடுப்புச் சேலையைக் கிழித்தது. தொடர்ந்து எரித்தால் கையில் பிடிக்க முடியாமல் சுடும். எல்லாவற்றையும்விட, அந்த வெளிச்சம் நீலம் பாய்ந்த வெள்ளை. எங்கள் செம்மண் அந்த வெளிச்சத்தில் சாம்பலாகத் தெரியும். வாய்க்கால் ஓரம் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் சருகு என்று நினைத்து மிதித்துவிடலாம். ரோட்டில் போகிறவன் கண்ணைக் குருடாக்கிவிட்டு, காலடியில் இருப்பதைக் காட்டாத லைட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டவுன்ஹால் கடையில்

நாலாவதை நானே வாங்கினேன். பஸ் ஏறி காந்திபுரம் போய், அங்கிருந்து டவுன்ஹால் பக்கம் போனேன். எலக்ட்ரிக் சாமான் கடைகள் அடுக்கடுக்காக இருக்கிற சந்தில் ஒரு கடை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் எதற்கு வேண்டும் என்று கேட்டார். மலையேறுகிறவர்களுக்குத் தனி, வேட்டைக்குத் தனி, காவலுக்குத் தனி என்று ரகம் பிரித்துச் சொன்னார். வீட்டுக்கு என்றேன். வீட்டுக்கு என்று தனியாக ஒரு ரகம் அவரிடம் இல்லை போலிருந்தது. கொஞ்சம் யோசித்தார்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பொத்தான் பின்னால் இருப்பது, பக்கத்தில் இருப்பது என்று இரண்டு வகை. பின்னால் பொத்தான் இருந்தால் கத்தி பிடிக்கிற மாதிரி தோளுக்குத் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். போலீஸ்காரர்கள் அப்படிப் பிடிப்பார்களாம். என் கட்டைவிரலுக்கு மூட்டு வலி. கையைத் தொங்கவிட்டு நடக்கிறவர்களுக்குப் பக்கத்துப் பொத்தான்தான் தோது.

நான் நிறுத்தி நிறுத்திக் கேட்ட கேள்விகளில் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. கடையின் பின்பக்கம் சரக்கு வைத்திருக்கிற அறைக்குள் என்னை விட்டு, வெளிச்சத்தை அணைத்து, போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒன்று எனக்குப் பிடித்துப் போயிற்று. வெளிச்சம் இளமஞ்சள். முதல் அழுத்தலுக்கு மங்கலாக எரியும், அழுத்திப் பிடித்தால்தான் வேகம் எடுக்கும். நிமிர்த்தி வைத்தால் நின்றது. பல்லெல்லாம் இல்லை.

பில் போடும்போது அவர் பேச்சுக்குக் கேட்டார்.

“ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே அம்மா. அவரு கைக்கும் தோதா இருக்குதான்னு பாத்திருக்கலாம்.”

தனியாக இருக்கிறேன் என்று வெளியாளிடம் வாய் விடக்கூடாது என்பது பிரபு போட்ட சட்டங்களில் ஒன்று. “அவரு தோட்டத்துல தண்ணி கட்டிட்டு இருக்காருங்க” என்றேன். அப்படியானால் இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், இருட்டில் தண்ணீர் கட்டுகிறவருக்கு உதவும் என்றார். அவரைக் கேட்டுவிட்டு அடுத்த தடவை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

பாதுகாப்புக்காகச் சொன்ன பொய்தான். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார், நான் டவுனுக்குப் போய்விட்டு வருகிறேன். அன்னூர் வருகிற வரைக்கும் அது எனக்கு இதமாக இருந்தது. இறங்கி நடக்கும்போதுதான் வெறுமை வந்தது.

முகத்தில் அடிப்பது

ஆக, மஞ்சள் லைட் காலடிக்கு, கறுப்பு லைட் கேட்டுக்கு என்று வேலை பிரித்துக் கொடுத்தேன். பிரபுவும் ஒத்துக்கொண்டான். சிக்கல் லைட்டில் இல்லை, என் கையில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் யாருடைய முகத்திலும் பேட்டரி அடிக்க மாட்டோம். இருட்டில் எதிரே ஆள் வந்தால் வெளிச்சத்தைத் தாழ்த்திக் காலடியில்தான் காட்டுவோம். ‘யாருங்க’ என்போம். அவர் இன்னார் என்று சொல்வார், இல்லாவிட்டால் தன் பேட்டரியைத் தன் பக்கமே திருப்பிக் காட்டுவார். பெரும்பாலும் அதற்குத் தேவை இருக்காது. செருப்பையும் நடையையும் வைத்தே ஆள் தெரிந்துவிடும். முகத்தில் அடிப்பது கன்னத்தில் அடிப்பதற்கு அடுத்தபடி. அப்படி அடித்ததற்காகவே இரண்டு பங்காளிக் குடும்பங்கள் கல்யாணம் காட்சிக்குப் போகாமல் இருந்தது எனக்குத் தெரியும்.

பிரபு ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாயங்காலம் எனக்கு டிரெயினிங் நடக்கும். அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பான். நான் வாசலிலிருந்து அவன் கண்ணில் அடிக்க வேண்டும். தூக்குவேன். வெளிச்சம் அவன் நெஞ்சு வரைக்கும் போகும். அப்புறம் கை தானாக இறங்கிவிடும். மறுபடி தூக்குவேன், மறுபடி இறங்கும். தென்னை மரத்தைக் காட்டி அடிக்கச் சொன்னால் ஒரே அடியில் சரியாக அடிப்பேன். மனுசன் நின்றால் முடியவில்லை.

“திருடனுக்கு என்னத்துக்குங்கம்மா மரியாதை?”

“அவன் திருடன்னு மூஞ்சியப் பாத்தப்பறம்தான கண்ணு தெரியும்?”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பயம் விளையாட்டு இல்லை என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. அப்பாவை இழந்தவன், அம்மாவையும் செய்தித்தாளில் பார்க்க நேர்ந்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தான். நான் அதைப் புரிந்துகொண்டதாகக் காட்டினால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அதனால் சிரித்து மழுப்பினேன்.

கேட்டருகே

இப்போது அந்த ஐப்பசிச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

கேட்டுக்கு வெளியே நின்றது பிரபுதான். இதை அவன் முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை, நித்யாவிடம்கூட. சும்மா ஒரு நாள் சொல்லாமல் போய் நின்று, அம்மா என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறான். காரை மெயின் ரோட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்தியிருக்கிறான். ஜல்லியில் சத்தம் வராமல் இருக்க ஷூவைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டான். சேறாக இருந்ததால் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு, வாய்க்கால் வரப்பு வழியாக நடந்து வந்திருக்கிறான். கரண்ட் போனது அவனுக்கு வசதியாகப் போயிற்று.

அவன் மறந்துபோனது நாயை. அது ஒரு தடவை குரைத்தது. பிறகு முனகிக்கொண்டே கேட்டுக்கு ஓடி, வாலை ஆட்டியது.

நான் கறுப்பு லைட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதிசயமாக முதல் அழுத்தலிலேயே பளிச்சென்று எரிந்தது. தூக்கினேன். வழக்கம்போலக் கை இறங்கியது. வெளிச்சம் கேட்டுக்கு அடியில், தரையில் போய் விழுந்தது.

அங்கே இரண்டு கால்கள். கணுக்கால் வரைக்கும் சேறு. பெருவிரலைவிட நீளமான இரண்டாவது விரல். இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பி நின்றது.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிதிலிருந்து அந்தக் கால்களுக்குத்தான் வெளிச்சம் காட்டி வந்திருக்கிறேன். நான் மில்லிலிருந்து திரும்பி அடுப்பு பற்ற வைக்கிற நேரத்துக்கு அவர் தண்ணீர் கட்டி முடித்துவிட்டு வாய்க்கால் வரப்பில் வருவார். செருப்பை மோட்டார் ரூமில் விட்டுவிடுவார். கேட்டுக்கு முன்னால் ஒரு வழுக்கல் இருக்கும், அந்த இடத்தில் விழாமல் வர நான் தரையில் வெளிச்சம் காட்டுவேன். முதல் வாரத்தில் ஒரு நாள் தெரியாமல் முகத்தில் பட்டுவிட்டது. “கண்ணுல அடிக்காத அம்மணி” என்றார். அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்ல வேண்டி வரவில்லை. வெளிச்சத்துக்குள் கால் வந்ததும் ‘வாங்க’ என்பேன். அவர் வாசற்படிக்குப் பக்கத்தில் வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். நாங்கள் பெரிதாகப் பேசிக்கொள்கிற ஜோடி இல்லை. ஒரு நாளைக்கு எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி அந்த ஒரு சொல்தான்.

அந்தக் கால்கள் வெளிச்சத்துக்குள் நின்றன. எனக்கு எதுவும் குழம்பவில்லை. பயமும் இல்லை. அவர் வந்துவிட்டார், அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் ஒரு நொடிகூட இருந்ததில்லை.

“வாங்க” என்றேன்.

“அம்மா, நாந்தானுங்கம்மா” என்று குரல் வந்தது.

அப்போதுதான் லைட்டைத் தூக்கி முகத்தில் அடித்தேன். என் ஆயுளில் தெரிந்தே ஒரு முகத்தில் வெளிச்சம் அடித்தது அது ஒரு தடவைதான். பிரபு கண்ணை மூடிக்கொண்டு கையால் மறைத்தான். நான் லைட்டை இறக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு முகம் தெரிந்துவிடாதா என்று பார்த்தேன்.

அரை மணியில் கரண்ட் வந்தது. அவனுக்குத் தோசை சுட்டுப் போட்டேன். அவன் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாருன்னே தெரியாம வாங்கன்னு சொல்லிப்போட்டீங்களேம்மா. வேற எவனாச்சுமா இருந்திருந்தா?”

நான் அந்த இடத்திலேயே ஜெயித்திருக்கலாம். யாரென்று தெரியாமலா, உன் காலைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தோட்டத்து வீடு எனக்கு மிஞ்சியிருக்கும். ஆனால் அவனை நான் ஒரு நாளும் ‘வாங்க’ என்று அழைத்ததில்லை. ‘வா கண்ணு’ என்பதுதான் என் வாயில் வரும். தெரிந்திருந்தால் ஏன் அப்படிக் கூப்பிட்டீர்கள் என்று அவன் கேட்டிருப்பான். புத்திசாலிப் பையன், கேட்ட மறு நிமிஷம் அவனே பதிலைக் கண்டுபிடித்திருப்பான். அவருக்குக் கொள்ளி வைத்தவன் அவன். அவனிடம் போய் அதை எப்படிச் சொல்வது?

“பழக்கத்துல வாயில வந்துருது கண்ணு” என்றேன்.

அதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றான். தோசையைச் சாப்பிட்டான். சண்டை எதுவும் போடவில்லை. தை வரைக்கும் என்று பேசியது தை வரைக்கும்தான், அதற்குள் கேட்டில் ஒரு கேமரா வைத்துப் பார்க்கலாம் என்றான். அப்பாவைப் போலவே படியில் நின்று சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, போயிட்டு வாரேன் என்று கிளம்பினான். அவனுக்கு வாய்க்கால் வரைக்கும் மஞ்சள் லைட்டைக் காட்டினேன்.

பயம்

மறுநாள் பொழுது சாய்ந்ததும் மஞ்சள் லைட்டை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போவதாக நாயிடம் சொன்னேன். பூட்டைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். நான் கேட்டுக்கு அந்தப் பக்கம், தரையில் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஈர மண் தெரிந்தது. ஒரு தவளை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. நாயும் பக்கத்தில் உட்கார்ந்து அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாளும் போனேன். அதற்குப் பிறகு எந்தச் சாக்கும் சொல்லிக்கொள்ளாமலேயே போகத் தொடங்கினேன். அந்த லைட் என் விரலுக்கு நோகாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரிந்தது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய சாமான், அதில் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் சாதாரணமாகத்தான் இருப்பேன். குத்தகைக்காரரோடு உரத்துக்குச் சண்டை போடுவேன், தேங்காய் எண்ணுவேன். சாயங்காலம் ஆகிறது என்றால் மட்டும் மனசு பரபரக்கும்.

இப்படியே சில நாட்கள் போயின. ஒரு நாள் கேட்டிலிருந்து திரும்பி வருகிறேன், வாசற்படிக்குப் பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருக்கிறது. மேலே சொம்பு மிதக்கிறது. யார் வைத்தது என்று ஒரு கணம் திகைத்தேன். நான்தான் வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் எப்போது பிடித்தேன், எப்போது தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. திருடனைப் பற்றி ஊரே பேசியபோது வராத பயம் அப்போது வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தை வரைக்கும் காத்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தபடி பிரபுவைக் கூப்பிட்டேன்.

“கண்ணு, எனக்கு இங்க தனியா இருக்கப் பயமா இருக்குது. வந்து கூட்டிட்டுப் போயிரு.”

அவன் பதறிப்போனான்.

“என்னாச்சுங்கம்மா? யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரல கண்ணு” என்றேன்.